டைப் டிசைன் சர்ச்சும் கீறல் விழுந்த ஜன்னலும்

குரோய்க் என்று ஓர் இடம். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில், ஆர்ட்கை என்ற சின்ன ரயில் நிலையத்திலிருந்து ஸ்ட்ராத்கேரன் பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் பத்து மைல் மேற்கே போக வேண்டும். ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. எதிரே யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்ள அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி விட்டிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் ஊர் என்று எதுவும் கண்ணில் படாது. கல் சுவர் சூழ்ந்த ஒரு கல்லறைத் தோட்டம், அதற்குள் 1827இல் கட்டிய, பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் சர்ச், பக்கத்தில் போதகர் குடியிருக்கக் கட்டிய பழைய குருமனை, சுற்றிலும் மலை. அவ்வளவுதான். ஆனால் இந்த ஒற்றைக் கட்டடத்தைத் தேடிக் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கூட ஆட்கள் வருகிறார்கள். சர்ச்சின் அழகைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதன் கிழக்கு ஜன்னலைப் பார்க்க வருகிறார்கள், அதையும் வெளியே நின்று.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிக்கொண்டு நான் போயிருந்தேன். பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பம், பொதுப்பணித்துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் சுற்றி ஒரு நடை நடப்பார், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்ப்பார், சுவரைத் தட்டுவார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். இங்கேயும் அதே மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "மாப்ள, இது டைப் டிசைன் ஆச்சே. இதே பிளான்ல இன்னும் நாலு இடத்துல கட்டியிருப்பாங்களே?" என்றார்.

"நாலு இல்ல மாமா, முப்பத்திரண்டு" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

உண்மையிலேயே இது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கட்டியதுதான். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் பிரிட்டிஷ் அரசுக்குச் சர்ச் கட்டும் உற்சாகம் வந்தது. இங்கிலாந்துக்கு 1818இல் பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கும் தீவுகளுக்கும் 1823இல் தனிச் சட்டம் போட்டுக் கொடுத்தது 50,000 பவுண்டு. அதில் சர்ச்சும் குருமனையும் சேர்த்து ஓர் இடத்துக்கு 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பு. மேற்பார்வை, கலிடோனியன் கால்வாயையும் மெனாய் தொங்குபாலத்தையும் கட்டிய அதே தாமஸ் டெல்ஃபோர்ட். வரைபடம் அவருக்குக் கீழே இருந்த வில்லியம் தாம்சன் போட்டது. ஆனால் இன்றுவரை எல்லோரும் 'டெல்ஃபோர்ட் சர்ச்' என்றுதான் சொல்கிறார்கள். இதைச் சொன்னதும் மாமா, "எல்லா டிபார்ட்மென்ட்லயும் அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்.

டி எழுத்து வடிவத்தில் தரை அமைப்பு, உள்ளூர்க் கல், ஸ்லேட் கூரை, நெற்றியில் ஒரு மணிக்கூண்டு, தாழ்ந்த வளைவு வைத்த ஜன்னல்கள், அவற்றில் சின்னச் சின்னச் சாய்சதுரக் கண்ணாடிகள். உள்ளே போனால் பலிபீடம் கிடையாது, சுரூபம் கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. பிரசங்க பீடம்தான் நடுநாயகம், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதற்கு முன்னால், இரண்டு பக்கமும் உட்கார்ந்து திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும், எடுப்பதற்காக நீள மேசை. பழைய ஸ்காட்டிஷ் முறையில் திருவிருந்து என்றால் முழங்கால் போட்டு வாங்குவதில்லை, பந்தியில் உட்காருகிற மாதிரி மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் அப்பத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள். பல ஊர்களில் அந்த மேசைகளை எடுத்துவிட்டு நவீன இருக்கைகள் போட்டுவிட்டார்கள். இங்கே அது தப்பித்ததற்குக் காரணம் பராமரிப்பு அல்ல. மாற்றிப் புதுப்பிக்கிற அளவுக்கு இங்கே ஜனமே இல்லாமல் போய்விட்டது.

ஜனம் எங்கே போனது என்பதற்குத்தான் இப்போது வர வேண்டும்.

இந்த மலைநாட்டில் நிலம் முழுக்க ஜமீன் மாதிரி சில குடும்பங்களின் கையில். அதில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்து, கொஞ்சம் மாடு வளர்த்துப் பிழைத்த குத்தகைக் குடிகளுக்குக் காகிதத்தில் எந்த உரிமையும் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செவியட் ஆடுகள் வந்தன. குடிகளிடம் சில்லறை வாடகை வசூலிப்பதைவிட, பள்ளத்தாக்கை மொத்தமாக ஒரே ஆட்டுப் பண்ணைக்காரருக்கு விட்டால் கூடுதலாகக் காசு. 1792இல் இதே ராஸ் சீமையின் ஜனங்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளைத் திரட்டி எல்லைக்கு வெளியே ஓட்டிவிடப் பார்த்தார்கள். ராணுவத்தை அனுப்பி அடக்கினார்கள். அந்த வருஷத்துக்கு 'ஆட்டு வருஷம்' என்றே மலைநாட்டு ஜனங்கள் பேசின கேலிக் மொழியில் பெயர் நின்றுவிட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குடிகளை எழுப்பிக்கொண்டே போனார்கள்.

குரோய்க்குக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு கிளென்கால்வி. 18 குடும்பங்கள், 80, 90 பேர். வாடகை பாக்கி வைத்தவர்கள் இல்லை. நிலக்காரரின் காரியஸ்தர் ஜேம்ஸ் கில்லாண்டர்ஸ் என்பவர் 1842இல் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். கொண்டுவந்தவர்களைப் பெண்கள் வழிமறித்து, நோட்டீஸை அவர்கள் கையில் இருக்கும்போதே எரிய வைத்தார்கள். பெண்கள் முன்னால் நிற்பது அங்கே பல கிளர்ச்சிகளில் நடந்தது. ஆனால் ஒரு காகிதத்தை எரித்தால் இன்னொரு காகிதம் வரும், கோர்ட்டுக்குப் பொறுமை அதிகம். 1845 மே மாதக் கெடுவில் ஊரே காலி. போக இடமில்லாதவர்கள் வந்து சேர்ந்தது குரோய்க் கல்லறைத் தோட்டத்துக்கு. கம்புகளை நட்டு, அதன்மேல் குதிரைத் துணி, போர்வை, கம்பளி என்று கிடைத்ததைப் போட்டு ஒரு கூடாரம் எழுப்பி, குழந்தை குட்டிகளோடு அதற்குள் கிடந்தார்கள். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை ஓர் ஆளை நேரே அனுப்பிச் செய்தி எழுத வைத்ததால்தான் இந்த விவரமெல்லாம் நமக்குக் கிடைக்கிறது. அதே மாதிரி வெளியேற்றப்பட்ட எத்தனையோ ஊர்களுக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை.

அந்த நாட்களில் யாரோ, சர்ச்சின் கிழக்கு ஜன்னல் கண்ணாடிகளில் வெளிப்பக்கமிருந்து கீறி எழுதினார்கள். கிளென்கால்வி ஜனங்கள் 1845 மே 24 அன்று இங்கே சர்ச் வளாகத்தில் இருந்தார்கள் என்று ஒன்று. கிளென்கால்வி ஜனங்கள், பொல்லாத சந்ததி என்று இன்னொன்று. கிளென்கால்வி பாழாகிவிட்டது என்றும், இவர்களைக் காலனிக்குக் கப்பல் ஏற்று என்றும் ஒன்று.

நேரில் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எழுத்து அவ்வளவு சின்னது. ஒரு கண்ணாடித் துண்டுக்குள் ஒரு வரியை அடைக்க வேண்டியிருப்பதால் நெருக்கியடித்த கூட்டெழுத்து, கீறல் ரோமம் தடிமன்தான். கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் எதுவும் தெரியாது. தலையை இப்படி அப்படிச் சாய்த்து, நம் நிழலே அதன்மேல் விழுகிற மாதிரி நின்றால் உள்ளேயிருக்கும் இருட்டு பின்னணியாகி, வெள்ளையாக ஒரு எழுத்து, அப்புறம் ஒரு சொல், அப்புறம் வரி எழும்பி வரும். சர்ச்சுக்குள்ளே போய் அதே கண்ணாடியைப் பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். உள்ளே இருப்பவர்கள் படிக்க எழுதியதில்லை அது.

'பொல்லாத சந்ததி' என்று படித்துச் சொன்னதும் மாமா, "மத்தேயு பன்னிரண்டு" என்றார். பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினரைப் பார்த்து இயேசு சொன்னது. தங்களைத் துரத்தினவர்களைச் சொல்லாமல், துரத்தப்பட்ட தங்களையே ஏன் அப்படி எழுதிக்கொண்டார்கள்? வழக்கமாகச் சொல்லும் விளக்கம், நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள் என்பது. இருக்கலாம். பல போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்து அதைத்தான் சொன்னார்கள்; போதகரை நியமிக்கிற உரிமை நிலக்காரர் கையில் இருந்தால் பிரசங்கம் எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆனால் எனக்கு அதில் ஒரு குத்தலும் கேட்கிறது. எங்களை இப்படித்தானே சொல்கிறீர்கள், சரி, அதையே எழுதிவைக்கிறோம் என்கிற தொனி. வீட்டில் கேலிக் பேசினவர்கள் இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெளியாள் எவனாவது ஒருநாள் வந்து படிப்பான் என்ற கணக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, மழையிலும் குளிரிலும் வெளியே கிடந்தார்களே, பக்கத்தில் கூரை போட்ட சர்ச் இருக்கும்போது ஏன் உள்ளே போகவில்லை? ஆலயத்துக்குள் தங்குவது அபசாரம் என்று நினைத்தார்கள் என்பது சுற்றுலாப் புத்தகங்களின் பதில். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. மீதிப் பாதி 1843இல் இருக்கிறது.

அந்த வருஷம் மே 18 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து திருச்சபை இரண்டாக உடைந்தது. சபைக்குப் போதகரை நிலக்காரர் நியமிப்பதா, சபையே தேர்ந்தெடுப்பதா என்பதுதான் சண்டை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான போதகர்கள், சம்பளம், குருமனை, சர்ச் எல்லாவற்றையும் விட்டுவிட்டு தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் வெளியே நடந்து ஃப்ரீ சர்ச் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மலைநாட்டுக் குடிகள் பெரும்பாலும் அவர்களோடு போய்விட்டார்கள். குரோய்க்கின் போதகர் கஸ்டேவஸ் எய்ர்டும் அப்படி வெளியேறியவர். ஆக 1845இல் கல்லறைத் தோட்டத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு, பக்கத்தில் இருந்த அந்தக் கட்டடம் இரண்டு வருஷத்துக்கு முன் தாங்கள் விட்டுவந்த திருச்சபையின் சொத்து. கல்லறைகள் மட்டும் அவர்களுடையவை, அப்பன் பாட்டன் புதைந்த மண். ஞாயிற்றுக்கிழமை எய்ர்ட் அவர்களுக்குத் திறந்தவெளியில்தான் ஆராதனை நடத்தினார், கேலிக்கில் சங்கீதம் பாடினார்கள், அக்கம்பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

திருச்சபைப் பிளவு என்றதும் ஏதோ எடின்பரோ உள்விவகாரம் என்று தோன்றும். அது சென்னைவரை வந்தது. 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் உட்பட, இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரிகள் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார்கள். அந்தப் பள்ளிதான் பின்னால் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. ஸ்காட்லாந்திலோ, பிரிந்தவர்களுக்குச் சர்ச் கட்டப் பல நிலக்காரர்கள் துண்டு இடம்கூடத் தர மறுத்தார்கள். ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊரில் வேறு வழியில்லாமல் 1846இல் இரும்பில் ஒரு மிதக்கும் சர்ச்சைக் கட்டி ஏரியில், அதாவது அவர்கள் 'லாக்' என்று சொல்லும் கடல் நீர்ப்பரப்பில், நிறுத்திப் படகில் போய் ஆராதனை செய்தார்கள். நிலம் உன்னுடையது, தண்ணீருமா உன்னுடையது என்று கேட்காத குறை. அந்த மிதக்கும் சர்ச் இன்று இல்லை. இருந்திருந்தால் குரோய்க்குக்குப் போட்டி அதுதான்.

இப்போது மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன். "முப்பத்திரண்டு கட்டடத்துல ஒண்ணு, எஸ்டிமேட்டுக்குள்ள கட்டுன ஒண்ணு. இதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?" நியாயமான கேள்வி. பாரம்பரியக் கட்டடம் என்றால் நம் மனதில் வருவது கலை, கைவேலை, பழமை, ராஜா. ஸ்காட்லாந்தில் கட்டடங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் வந்துவிட்டால் அனுமதி இல்லாமல் சுவரை இடிக்க முடியாது, ஜன்னலை மாற்ற முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விவரக் குறிப்புகளைப் படித்தால் பெரும்பாலும் டி வடிவம், டெல்ஃபோர்ட், மணிக்கூண்டு, பிரசங்க பீடம் என்று கட்டினவர்களின் கதையாகவே போகும். குரோய்க்கில் கட்டினவர்களின் பங்கு ஒரு நல்ல கூரையும் ஒரு ஜன்னலும். கட்டடத்துக்கு மதிப்பு வந்தது அதற்குள் நுழையாதவர்களால், அதுவும் சட்டப்படி பார்த்தால் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய காரியத்தால். கோட்டைச் சுவரில் பேர் கிறுக்குகிறவனைத் திட்டுகிற நானே இதைச் சொல்கிறேன்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. எந்த ஒப்பந்ததாரரிடமும் பழைய சர்ச்சைப் புதுப்பிக்கச் சொன்னால் முதலில் மாற்றுவது கீறல் விழுந்த கண்ணாடியைத்தான். அதே அளவில், அதே சாய்சதுர வடிவில், கைவேலைக் கண்ணாடியே வாங்கிப் போட்டாலும், பார்க்கக் கட்டடம் 1827இல் இருந்ததைவிட அழகாகக்கூட ஆகிவிடும். ஆனால் குரோய்க் போயே போய்விடும், வெறும் முப்பத்திரண்டில் ஒன்று மிஞ்சும். சரி, கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக ஏதாவது மியூசியத்தில் வைக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஆலங்கட்டி மழைக்கும் ஆணி வைத்திருக்கும் முட்டாளுக்கும் பயந்தால் அது சரிதான். ஆனால் 'இங்கே இருந்தோம்' என்று எழுதிய ஒன்றை எடின்பரோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் என்ன அர்த்தம்? என் ஓட்டு, அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தேய்ந்தாலும் பரவாயில்லை என்பதற்கு. பாதுகாப்பு நிபுணர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், தெரியும்.

இன்னொன்று, பாதுகாக்க வேண்டியது சர்ச்சோடு முடிவதில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல் மேடு இருக்கிறது. சாதாரணக் குவியல் என்று தாண்டிப் போய்விடுவோம். அது 2,000 வருஷத்துக்கு முந்தைய வட்டக் கல் கோபுரம் ஒன்றின் மிச்சம், 'ப்ராக்' என்பார்கள். அதாவது இந்தப் பள்ளத்தாக்கில் இரும்புக் காலத்திலிருந்து மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். இன்று வருகிறவர்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஆஹா, மனிதக் கை படாத இயற்கை என்று போட்டோ எடுக்கிறார்கள். மனிதக் கை படாததா! வக்கீல் நோட்டீஸ் போட்டுக் காலி செய்த இடம். ஆடு வந்தது, ஆட்டுக்கு விலை விழுந்ததும் மான் வேட்டை எஸ்டேட் வந்தது, இப்போது பக்கத்து அலடேல் எஸ்டேட்டில் பழைய மரங்களை நட்டுக் காட்டை மீட்கும் வேலை நடக்கிறது. மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை, மலைச்சரிவு மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் நடத் தோன்றும். மரத்தோடு சேர்த்து மனிதரும் இங்கே ஒரு காலத்தில் இயற்கையாக இருந்தார்கள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும், அந்த வேலையைத்தான் இந்த ஜன்னல் செய்கிறது. 1886இல் குடியானவர் சட்டம் வந்து மலைநாட்டுக் குடிகளுக்கு நிலத்தில் நிலையான உரிமை கிடைத்தது. கிளென்கால்விக்கு அது 41 வருஷம் தாமதம்.

ஸ்காட்லாந்து திருச்சபையில் ஆள் குறைந்து, போதகர் குறைந்து, காசும் குறைந்து, நாடு முழுக்கக் கட்டடங்களை மூடி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் வீடாக்குகிறார்கள், விடுமுறை விடுதியாக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் அழ முடியாது. உல்லாபூலில் இதே வரிசையில் கட்டிய டெல்ஃபோர்ட் சர்ச் ஒன்று இப்போது ஊர் மியூசியம், நன்றாக நடத்துகிறார்கள். உல்லாபூலில் ஊர் இருக்கிறது, படகுத்துறை இருக்கிறது, ஜனம் இருக்கிறது. குரோய்க் மாதிரி ஆளில்லாத இடத்து சர்ச்சை என்ன செய்வது? பட்டியல் சுவரைக் காப்பாற்றும். கதவு திறந்திருக்க வேண்டும் என்றோ, முன்பின் தெரியாத ஒருவன் கல்லறைகளுக்கு நடுவே நடந்து போய்க் கிழக்கு ஜன்னல் பக்கம் நிற்கலாம் என்றோ அது சொல்லாது. அந்த வழி அடைபட்டால் மற்றதெல்லாம் முழுசாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே எந்தக் கிராமத்து சர்ச்சை விற்றாலும் விற்பனைப் பத்திரத்தில் முதல் ஷரத்தாகப் பொதுவழி எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை என்ஜினியரும் இதை ஆதரிக்கிறார், கூடவே மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கச் சொல்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் ரயில் ஆர்ட்கையில் நிற்கும், அங்கிருந்து கார் இல்லாமல் கஷ்டம். காலையில் போனால் கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கீறல்கள் கொஞ்சம் சுலபமாகப் படும். கண்ணாடியைத் தொடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு ஜன்னல் பக்கம் நிற்கவே விடாது, அதற்கு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.